படலில் தொங்கிய தொடை

"ஆசானே, நன்றி சொல்லப் போனேன். ஏச்சு வாங்கிட்டு வந்தேன்."

புலம்பிக்கொண்டேதான் சொரிமுத்து வந்தார். ஆசான் குடிசையின் பின்வேலியில் முள்ளை ஒதுக்கி, குனிந்து, வழக்கம்போல உள்ளே நுழைந்தார். ஓடைப் பக்கமிருந்து வருகிறவருக்கு அதுதான் குறுக்குவழி.

ஆசான் பலவேசம் முற்றத்தில் உட்கார்ந்து வேல்கம்புக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

ஆசானுக்கு வயது முப்பது. சீடருக்கு ஐம்பது. ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சொரிமுத்துவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மறுநாளும் ஆசானிடம் வந்தார். அந்த மலையடிவாரத்தில் தோட்டக்காரர்களே படலைத் திறந்து "வாரும், வாரும்" என்று உள்ளே கூப்பிடும் வேட்டைக்காரர் பலவேசம் ஒருவர்தான். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வயது ஒரு தடையா என்ன?

"யாரு ஏசுனா, அண்ணாச்சி?"

"தாண்டவராயப் பிள்ளை."

"என்னத்துக்கு?"

"முந்தாநாள் அவரு வாழைத் தோட்டத்துல பெரிய பன்னி விழுந்துது. ஏழு வருசமா என்னை உள்ள விடுத மனுசன். சும்மா இருக்கலாமா? நல்ல பின்னந்தொடையாப் பாத்து அறுத்தேன். நேத்து விடியக்காலையில கொண்டு போய் அவரு வீட்டுப் படல்ல தொங்க விட்டேன்."

செதுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"பிள்ளை சைவம்லா?"

"ஆமா."

"தெரிஞ்சுமா?"

"நம்மகிட்ட இருக்கதுலயே உசத்தி அதுதான, ஆசானே?"

ஆசான் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு சுற்றியிருந்த நாய்களுக்குத்தான் தெரியும்.

"நேத்து சஷ்டி வேற."

"அது எனக்கு அப்புறந்தான் தெரியும். அவரு வீட்டு ஆச்சி கோலம் போட வந்திருக்காங்க. நிமிந்தா தலைக்கு நேரா தொடை. அவங்க போட்ட கூச்சல்ல தெருவே கூடிட்டு. பிள்ளை வெளிய வந்து, 'இனி உம்ம நெழலு என் தோட்டத்துல விழப்பிடாது'ன்னு சொல்லிட்டாரு."

சொரிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"பன்னி படுக்கது பூரா அவரு தோட்டத்துத் தாழம்புதர்லதான். அவரு மூடிட்டா மத்தவங்களும் மூடிருவாங்க. அப்புறம் நாயைக் கட்டிப் போட்டுட்டு நான் சுண்ணாம்புச் சூளைக்கு விறகு சுமக்கத்தான் போணும். இந்த முதுகை வச்சுக்கிட்டு."

பன்றியின் முன்னால் பயப்படாத மனிதர். சூளையை நினைத்தால் அவருக்கு அத்தனை பயம்.

ஆசான் கேட்டார்: "அந்தத் தொடை என்னாச்சு?"

"திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன்."

"சமைச்சாச்சா?"

"வீணாக்கலாமா?"

"ருசி?"

"அமிர்தம்!"

"அப்ப சரி. நன்றி போய்ச் சேர வேண்டிய வயித்துக்குப் போய்ச் சேந்துட்டு."

சொரிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

ஆசான் மறுபடி செதுக்கத் தொடங்கினார்.

"பன்னிக்கு என்ன பிடிக்கும், அண்ணாச்சி?"

கேட்டதுதான் தாமதம், சொரிமுத்துவின் முகம் தெளிந்துவிட்டது.

"வாழைக்கிழங்குன்னா உசுரு. மழை பெஞ்சு மண்ணு இளகிட்டா கோரைக்கிழங்கைத் தோண்டும். வெயில் ஏறுனா சேறு வேணும். சேறு ஆடுனா முதுகு தேய்க்க மரம் வேணும், அதுவும் பிசின் வடியுத மரமாப் பாத்துத்தான் தேய்க்கும். கிழப்பன்னின்னா தனியா வரும். குட்டிக்காரி வந்தா..."

"பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?"

சொரிமுத்து தலையைச் சொறிந்தார்.

குடிசைக் கூரையில் ஒரு அணில் ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு வேட்டைக்குப் போங்க," என்றார் ஆசான்.

"எங்கன போக?"

"பிள்ளை தோட்டத்துக்கு."

"உள்ள விடமாட்டாரே!"

"உள்ள போகச் சொல்லலை. வேலி வரைக்கும் போங்க."

"வேல்கம்பு?"

"வேண்டாம்."

"நாய்?"

"வேண்டாம்."

"பிறகு எந்தப் பன்னியை நான் பிடிக்க?"

"ஒரு பன்னியைப் பிடிக்கணும்னா முதல்ல எதைப் பாப்பீங்க?"

"தடத்தை."

"அதைத்தான் சொல்லுதேன். பிள்ளையோட தடத்தைப் பாத்துட்டு வாங்க."

சொரிமுத்து எழுந்தார். வந்த வழியே, பின்வேலி முள்ளை ஒதுக்கிக்கொண்டு போனார். ஆசானுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் பிள்ளை தோட்டத்து வேலியருகே போய் நின்றார். ஏழு வருஷமாக அவர் நுழைகிற இடம் அது. வாசல் படலுக்குப் போவதென்றால் தோட்டத்தைச் சுற்ற வேண்டும். அதனால் முதல் வருஷமே வேலியில் இருந்த உடைமரத்து முள்ளை இழுத்துப் போட்டு ஒரு சந்து ஆக்கிவைத்திருந்தார்.

இரவு தூறியிருந்தது. மண் ஈரமாக இருந்தது. சொரிமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேலிக்குள் எட்டிப் பார்த்தார்.

முதலில் தெரிந்தது மாட்டுக் குளம்பு. சந்து வழியாக உள்ளே போயிருந்தது. வாழைக்கன்றுகள் வரை போயிருந்தது. குருத்தைக் கடித்து இழுத்திருந்த விதம் பன்றியுடையது அல்ல, மாட்டுடையது. இதே சேதத்தைக் காட்டி, "எல்லாம் பன்னி வேலைய்யா, நான் பாத்துக்கிடுதேன்," என்று பிள்ளையிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

சொரிமுத்துவுக்குக் காது சூடாயிற்று.

அடுத்து மனிதத் தடம். வெறுங்கால். வீட்டுப் பக்கமிருந்து வந்திருந்தது. வலது கால் ஆழமாகப் பதிந்திருந்தது. இடது கால் பட்டும் படாமல் இழுபட்டிருந்தது. பக்கத்திலேயே ஊன்றுகோலின் வட்டம்.

சந்தின் ஓரத்தில் இரண்டு முழங்கால்களின் குழி. குழிக்கு முன்னால் முள்ளை நிமிர்த்தி வைத்த அடையாளம். ஒரு முள்ளின் நுனியில் ரத்தக் கறை.

புதுக் குழிக்குக் கீழே பழைய குழி இருந்தது. அதற்குக் கீழே அதைவிடப் பழையது.

பிள்ளை தினமும் வந்திருக்கிறார். காலை மடக்க முடியாத மனிதர், தினமும் வந்து, மண்டியிட்டு, இந்த முள்ளை எடுத்து நிறுத்தியிருக்கிறார். சொரிமுத்து தினமும் வந்து, கவனிக்காமலே, அதை மறுபடி இழுத்துப் போட்டிருக்கிறார்.

சொரிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு இன்னொன்றும் வந்தது. ஏழு வருஷத்தில் இந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! அதை நினைத்ததும் நெஞ்சு நிறைந்து, கண் கலங்கிவிட்டது. தொடையைத் தொங்கவிட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு நன்றி இருந்ததில்லை.

ஓடைக்கரைக்குப் போனார். நல்ல உடைமுள்ளாக வெட்டிச் சுமந்து வந்தார். இரண்டு கம்பு ஊன்றி, முள்ளை வைத்து, பனைநாரால் இறுக்கிக் கட்டினார். ஒரு கோழிக்குஞ்சு நுழைய முடியாதபடி கட்டினார்.

கட்டி முடித்த பிறகுதான் கவனித்தார். அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"யாருவே அங்க?"

"சொரிமுத்து, ஐயா."

பிள்ளை வேலியருகே வந்தார். அடைத்த இடத்தை மேலும் கீழும் பார்த்தார். ஊன்றுகோலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"எதுக்கு அடைச்சீரு?"

"நான் பிச்சது ஐயா. நாந்தான அடைக்கணும்?"

"இனி எப்படி உள்ள வருவீரு?"

"நீங்க கூப்பிட்டா வாசல் வழியா வாரேன். கூப்பிடலைன்னா வரலை."

சொரிமுத்துவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இத்தனை வருசமா ஏன் ஐயா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீரு கோவிச்சுக்கிட்டு வராம இருந்துட்டா?" என்றார் பிள்ளை. "நீரு வேட்டைக்கு வந்த பிறகுதான்வே நான் என் வாழையில குலையைப் பாத்தேன். அதுக்கு முன்னால எல்லாம் பன்னிக்குத்தான் வெள்ளாமை. முள்ளுதான, எடுத்து வச்சாப் போச்சுன்னு இருந்தேன்."

வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் புது முள்.

பிறகு பிள்ளை வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏளா, சொரிமுத்து வந்திருக்காரு. மோர் எடுத்து வையி." இவரிடம் திரும்பினார். "படலைத் திறந்து விடுதேன். சுத்தி வாரும். ஆனா ஒண்ணு, வாசல்ல எதையும் தொங்க விடாதிரும்."

"சத்தியமா இல்லை ஐயா." சொரிமுத்து தயங்கினார். "ஐயாவுக்கு என்ன பிடிக்கும்?"

பிள்ளை அவரை வினோதமாகப் பார்த்தார். அப்புறம் குழந்தை மாதிரி வெட்கப்பட்டார்.

"பனங்கிழங்கு. பல்லுதான் இல்லை. ஆச்சி இடிச்சுத் தருவா."

அன்று சொரிமுத்து முதல் தடவையாகப் பிள்ளை வீட்டு வாசல் வழியாக உள்ளே போனார். மோர் குடித்தார். ஆச்சி அவரைப் பார்த்ததும் முதலில் படலைப் பார்த்தாள், அங்கே ஒன்றும் தொங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தாள்.

மோர் வயிற்றில் குளுகுளுவென்று இருக்க, சொரிமுத்து ஓடைக்கரையோடு நடந்தார், ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆசான் காலில் விழுந்து எழ வேண்டும். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பின்வேலிக்கு வந்தார். முள்ளை ஒதுக்கக் கை நீட்டினார்.

கை அந்தரத்தில் நின்றது.

முள் நேராக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், ஈர மண்ணில், முப்பது வயது மனிதரின் முழங்கால் குழி தெரிந்தது.

சொரிமுத்து நீட்டிய கையைக் கூப்பினார்.

பிறகு திரும்பி, ஓடையைத் தாண்டி, குளத்தங்கரை ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். படலுக்கு வெளியே நின்றார்.

"ஆசானே, உள்ள வரலாமா?"

உள்ளே செதுக்கும் சத்தம் நின்றது.

"வாங்க, அண்ணாச்சி," என்றார் ஆசான். "இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க?"