நெசத்தைச் சொல்லியே மீசையை எடுத்த சீனியம்மா

ஆத்தோரமா ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊரு ராசாவுக்கு ரொம்ப வருசம் கழிச்சு ஒரு பொண்ணு பொறந்துச்சாம். ராசா ஆசையா தூக்கி முத்தம் குடுக்கப் போனா, தாடி குத்திக் கொழந்தை வீல்னு கத்துது. மறுபடி தூக்குனாரு, மறுபடியும் வீல்! சிரைச்சிடலாம்னா, அவரு முகம் கொழுக்கட்டை மாதிரி மெத்துமெத்துனு இருக்கும், கத்தி பட்டாலே கீறிடும். மூணு நாவிதருங்க வந்தாங்க, மூணு பேரும் கீறிட்டாங்க, மூணு பேரையும் ஊரை விட்டே தொரத்திட்டாரு. அப்புறம் தண்டோராப் போட்டாரு: "ரத்தம் வராம சிரைக்கிறவனுக்கு ஆத்தோர நஞ்சை நெலம். ரத்தம் வந்துச்சோ, ஓடிப்போயிடணும்!"

அடுத்ததா அரமனையில இருந்து நாவிதன் ஆத்தியப்பனுக்கு ஆள் வந்துச்சு. பாவம், அவன் ஊரை விட்டு ஓட மூட்டையே கட்ட ஆரம்பிச்சுட்டான். அவன் பொண்டாட்டி சீனியம்மா சொன்னா, "மூட்டை கட்டுறது இருக்கட்டுங்க, மொதல்ல கத்தி தீட்ட நல்ல கல்லாத் தேடுவோம். கத்தி வாய் நைசா இருந்தா எதுக்குங்க கீறப்போவுது?"

ரெண்டு பேரும் ஆத்துக்குப் போனாங்க. அவ ஒரு கல்லை எடுத்து அது மேல தண்ணி தெளிச்சா. கல்லு உறிஞ்சிடுச்சு. "இது குடிகாரக் கல்லு, வேணாம்." இன்னொண்ணை எடுத்து நகத்தால தேச்சா. நறநறங்குது. "இதுக்குப் பல்லு இருக்கு, கடிக்கும்." அப்புறம் கரும்பச்சையா ஒரு கல்லு. தெளிச்ச தண்ணி உறிஞ்சாம மேலயே நிக்குது, நகத்துக்கு வழவழங்குது, தேச்சா பால் மாதிரி குழம்பு விடுது. "இதாங்க!"ன்னு மடியில கட்டிக்கிட்டா.

வீட்டுல அதை மேடு பள்ளம் இல்லாம சமமாத் தேச்சு, நனைச்சு, ஆத்தியப்பன் கத்தியைத் தீட்டுனான். மொதல்ல கர்ரு கர்ருங்குது, அப்புறம் சர்ரு சர்ருங்குது, அப்புறம் சத்தமே இல்ல. தன் கன்னத்துல போட்டுப் பார்த்தான், முடி போனதே தெரியல. அப்புறம் போயி ராசாவுக்குச் சிரைச்சான். ராசா பாதியில தூங்கியே போயிட்டாரு, பார்த்துக்கோங்க! எந்திரிச்சு கொழந்தையைத் தூக்குனா, அது கன்னத்தைத் தடவிச் சிரிக்குது. நெலத்தை அப்பவே குடுத்துட்டாரு.

ராணிக்கு ஒரு தம்பி, பேரு கொம்பையா. ஆட்டுக் கொம்பு மாதிரி மீசை வச்சிருப்பான். அவனுக்கு அந்த நெலத்து மேல ரொம்ப நாளாக் கண்ணு. ராசா காதுல போயி ஓதுனான். "மச்சான், அவன் கையில என்ன இருக்கு? எல்லாம் அந்தக் கல்லு செஞ்ச வேலை. ஆறு உங்களுது, அப்ப கல்லும் உங்களுது. கல்லை எங்கிட்ட குடுங்க, நானே சிரைக்கிறேன். நெலத்தையும் எனக்கே மாத்திக் குடுங்க."

ராசா கொஞ்சம் கேப்பார் பேச்சுக் கேக்குற ஆளு. "நீ நல்லாச் சிரைச்சா நெலம் உனக்குத்தான் போ"ன்னுட்டாரு.

கொம்பையா நேரா சீனியம்மா வீட்டுக்கு வந்து கல்லையும் ஒரு கத்தியையும் புடுங்கிக்கிட்டான். ஆத்தியப்பன் அழுவுறான். சீனியம்மா அழல. கொம்பையா எப்பேர்ப்பட்டவன்னு அவளுக்குத் தெரியும். யாரு என்ன சொன்னாலும் பொய்னு நெனைக்கிற ஆளு.

"ஏ புள்ள, எப்படித் தீட்டணும், சொல்லு!"

"கல்லை நல்லா நனைச்சுக்கோங்க சாமி."

'ஓகோ, அப்ப காய வச்சுத் தேய்க்கணும்'னு நெனைச்சுக்கிட்டான்.

"கத்தியைப் படுக்கப் போட்டு, முதுகும் வாயும் கல்லுல ஒட்டியிருக்கத் தள்ளுங்க."

'அப்ப நிமித்திப் புடிக்கணும்.'

"கையை அமுக்காம, பூப்போலத் தேய்ங்க."

'கள்ளி! அப்ப ஏறி அமுக்கணும்.'

போனான், காஞ்ச கல்லுல கத்தியை நிமித்திப் புடிச்சு, அருவா தீட்டுற மாதிரி அமுக்கி அமுக்கித் தேச்சான். கத்தி வாய் ரம்பம் மாதிரி ஆயிடுச்சு. அது அவனுக்கு எங்க தெரியுது? நெஞ்சை நிமித்திக்கிட்டு சபைக்கு வந்தான்.

சீனியம்மாவும் அங்க வந்து நின்னா. "மகராசா, ஒரு வார்த்தை. தீட்டுன ஆளு மொதல்ல தன் முகத்துல போட்டுப் பார்க்கணுங்க. என் புருசனும் அப்படித்தான் செஞ்சாரு."

ராசா தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டாரு. "அதுவும் சரிதான். போடு மாப்ள!"

எல்லாரும் பார்க்குறாங்களே, மாட்டேன்னு சொல்ல முடியுமா? கன்னத்துல கத்தியை வச்சு ஒரு இழுப்பு இழுத்தான். "ஐயோ!"ன்னு கத்துனான், கை வழுக்குச்சு, கத்தி மேல ஓடுச்சு, வலப்பக்கத்து மீசை பிச்சுக்கிட்டு மடியில வந்து விழுந்துச்சு!

"இவ பொய் சொல்லிக் குடுத்துட்டா மச்சான்!"

"நான் என்ன சொன்னேன், நீங்களே சபையில சொல்லுங்க சாமி."

"நனைக்கச் சொன்னா... படுக்கப் போடச் சொன்னா... பூப்போலத் தேய்க்கச் சொன்னா..."

"நீ என்ன செஞ்சே?"ன்னாரு ராசா.

கொம்பையா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னான். சபையே விழுந்து விழுந்து சிரிக்குது. ராணியே முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

ராசா கல்லைக் கையோட திருப்பிக் குடுத்து, நெலமும் ஆத்தியப்பனுக்கே, இனி யாரு வந்து கேட்டாலும் அவனுக்கேன்னு சொல்லிட்டாரு. கொம்பையா மெல்ல ஆத்தியப்பன் பக்கம் போயி, "இந்தப் பக்கத்தையும் எடுத்து விட்டுடேன்யா"ன்னு கெஞ்சுறான். ராசா காதுல விழுந்துடுச்சு. "எவனும் தொடக்கூடாது! அந்தப் பக்கம் மொளைச்சு வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்!"

அவ்வளவுதான், ஊர்ல அவன் எந்தத் தெருவுல போனாலும் கையால மூஞ்சியைப் பொத்திக்கிட்டே போனானாம். அடுத்தவங்க நெலத்துக்கு ஆசைப்பட்டா அப்படித்தான். கதையும் தீந்துச்சு, கண்ணும் சொக்குது. சிரிச்சது போதும், போர்வையை இழுத்துப் போத்திக்கோங்க.