மான் அளவும் கீரியின் காலும்

மலைப்பாதை நடுவே ஒரு கீரி சைக்கிளோடு குப்புற விழுந்து கிடந்தது. தபால் பை ஒரு பக்கம், கடிதங்கள் ஒரு பக்கம். கீரி எழுந்து மீசையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டது.

"இன்னைக்கு இது மூணாவது தடவை!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

காட்டில் சைக்கிள் ஏது என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் இருந்தது. முள்ளம்பன்றி கடை வைத்திருந்தது, மற்ற விலங்குகள் ஓட்டின.

கீரி அப்போதுதான் தபால் வேலைக்கு வந்திருந்தது. குளக்கரைத் தபாலாபீசிலிருந்து உச்சிப்பாறையில் வாழும் வரையாடுகளுக்குக் கடிதம் கொண்டு போக வேண்டும். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் வரையாடுகள் மேய்ச்சலுக்காக மலையின் மறுபுறம் இறங்கிவிடும். பிறகு கடிதத்தை யாரிடம் கொடுப்பது? அதனால் தபால் தலைவரான ஆமை கறாராகச் சொல்லிவிட்டது.

"ஏழு நாள் தர்றேன். அதுக்குள்ள ஒரு நாளாவது நேரத்துக்குப் போய்ச் சேரணும். சேர்ந்தா வேலையும் உனக்கு, வேலையோட வர்ற மேட்டுப் பொந்தும் உனக்கு. இல்லன்னா அடுத்ததா நரி காத்துக்கிட்டிருக்கு!"

ஆமை அடுத்தவரை வேகமாகப் போகச் சொல்கிறதே என்று காடே சிரித்தது. கீரிக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் வளை பள்ளத்தில் இருந்தது. போன ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. இரண்டு குட்டிகளையும் வாயில் கவ்விக்கொண்டு மரத்துக்கு மரம் அலைந்ததைக் கீரி மறக்கவில்லை. இந்த மழைக்கு முன்னால் அந்த மேட்டுப் பொந்து கிடைத்தே ஆக வேண்டும்.

மூன்று நாள் ஓடிவிட்டது. மூன்று நாளும் தாமதம்!

நான்காம் நாள் காலையில் நரி வந்தது. முகத்தில் அப்படி ஒரு அக்கறை.

"என்ன கீரியக்கா, முட்டியெல்லாம் காயம்?"

"மேட்டுல ஏற முடியல. கல்லு வந்தா விழுந்துடறேன்."

"ப்பூ, இவ்வளவுதானா! உன் கிராங்கு நீளம் பத்தல!"

கிராங்கு என்றால், பெடலைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறதே, அந்த இரும்புக் கை. அந்தக் காட்டில் எல்லா சைக்கிளுக்கும் ஒரே கிராங்குதான். அதற்குப் பெயர் 'மான் அளவு'. முதல் பந்தயத்தில் ஜெயித்தது கடமான். அன்று அதன் சைக்கிளில் இருந்த நீளத்தையே முள்ளம்பன்றி எல்லோருக்கும் மாட்டிவிட்டது. யானையானாலும் அணிலானாலும் மான் அளவுதான்!

"நீளக் கம்பால நெம்பினா பாறை புரளுதா இல்லையா?" என்றது நரி. "அதே மாதிரிதான் இதுவும். கிராங்கு இன்னும் நீளமானா, நீ மிதிக்கிற மிதி யானை மிதி!"

நரி சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் கீரி சிரித்துவிட்டுப் போயிருக்கும். பாதி உண்மையாக இருந்ததால் நம்பிவிட்டது.

நரி கொடுத்த நீளக் கிராங்கை மாட்டிக்கொண்டு கீரி கிளம்பியது. மேலே வரும்போது முழங்கால் வயிற்றில் இடித்தது. கீழே போகும்போது கால் எட்டவில்லை. சைக்கிளில் போவதா, தோப்புக்கரணம் போடுவதா என்று அதற்கே தெரியவில்லை. முதல் கல்மேட்டிலேயே 'டங்!' என்று ஒரு சத்தம். கீரி புதருக்குள் பறந்தது. அந்தப் பக்கத்துப் புதரில் நரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

கீரிக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதங்களைப் பொறுக்கியது. அப்போதுதான் பக்கத்துக் கல்லில் ஒரு புதுக் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

"இதை யார் கீறினது?"

சிறுத்தை நகமா? நகமென்றால் நாலு கோடு இருக்கும். இது ஒற்றைக் கோடு. காட்டுப்பன்றியின் கோரைப்பல்லா? பன்றி மண்ணைத்தானே கிளறும்! கீரி அடுத்த கல்லைப் பார்த்தது. அங்கேயும் ஒரு கீறல். அதற்கடுத்ததிலும் கீறல். தபாலை மறந்து, காயத்தை மறந்து, கல் கல்லாகத் தாவிப் போய்ப் பார்த்தது. எல்லாக் கீறலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன.

சைக்கிளைக் கொண்டுவந்து ஒரு கல்லோடு ஒட்டி நிறுத்தியது. பெடலைக் கையால் கீழே சுற்றியது. பெடல் மெல்ல இறங்கிவந்து, கீறலின் மேலேயே போய் உட்கார்ந்தது!

"அட! என்னை விழ வைக்கிறது கல்லு இல்ல. கல்லுல போய் முட்டுறது என் பெடல்தான்! கிராங்கு நீளமாக ஆக, பெடல் தரைக்குக் கிட்டப் போகுது!"

மறுநாள் கீரி பழைய மான் அளவையே மாட்டிக்கொண்டு தபாலுக்குப் போனது, வழக்கம்போல் தாமதமாகிவிட்டது. திரும்பும் வழியில் நேரே முள்ளம்பன்றிக் கடைக்குப் போனது.

"அண்ணே, மான் அளவைவிடச் சின்னக் கிராங்கு இருக்கா?"

முள்ளம்பன்றியின் முட்களெல்லாம் நட்டுக்கொண்டன. "சின்னதா? ஜெயிச்ச அளவும்மா அது! அதை மாத்தினா என் கடைப் பேர் என்னாகிறது?"

"ஜெயிச்சது சரி. ஏன் ஜெயிச்சுது?"

"அதை அந்தக் கடமான்கிட்டதான் கேக்கணும்!" என்றது முள்ளம்பன்றி. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கீரி கடமானைத் தேடிப் போனது. மான் சேற்றில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது. கேள்வியைக் கேட்டதும் எழுந்து, சேறு சொட்டச் சொட்டத் தன் பின்னங்காலை நீட்டிக் காட்டியது.

"என் காலைப் பாரு, உன் காலைப் பாரு! என் காலுக்கு அந்த நீளம் வசதியா இருந்துச்சு. பந்தயம் நடந்ததும் புல்வெளிச் சரிவுல. அங்க ஒரு கல்லு கிடையாது!"

"இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையே?"

"யாரும் கேக்கலையே! கொம்புல மாலையைப் போட்டாங்க, கைதட்டினாங்க, கிராங்கை அளந்துக்கிட்டுப் போயிட்டாங்க!"

கீரி ஓடோடி வந்து முள்ளம்பன்றியிடம் விஷயத்தைச் சொன்னது. இப்போது முள்ளம்பன்றிக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது.

"அப்போ உன் காலுக்கு எது சரி?"

"தெரியல! போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்!"

"ஒரே கிராங்குல அஞ்சு துளை போட்டுத் தர்றேன். பெடலை மாத்தி மாத்தி மாட்டிக்கோ."

"பெடல் உள்ளே வந்தாலும் மிச்ச நுனி வெளியே நீட்டிக்கிட்டு இருக்குமே! அது கல்லுல இடிக்காதா?"

"அட ஆமா!" என்று முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. பழைய இரும்புக் குவியலைக் கிளறி, அறுத்து, துளையிட்டு, ஒன்றைவிட ஒன்று அரை விரல் குறைவாக ஐந்து ஜோடி கிராங்குகள் செய்தது.

ஆறாம் நாள் அமாவாசை, தபாலாபீஸ் விடுமுறை. ஓட்டிப் பார்க்க அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. நாவல் மரத்திலிருந்து கரும்பாறை வரை ஒரே பாதையில் ஐந்து ஜோடியையும் மாட்டி மாட்டி ஓட்டியது கீரி. முள்ளம்பன்றி 'டங்' சத்தத்தை எண்ணியது. ஐந்தில் நீளமானதில் பதினோரு டங்! குட்டையானதில் ஒன்றுகூட இல்லை.

"இதுதான்!" என்று முள்ளம்பன்றி குதித்தது.

"அவசரப்படாதீங்கண்ணே. கல்லுல இடிக்கல, சரி. ஆனா செங்குத்து மேட்டுல கால் காத்தாடி மாதிரி சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது!"

நான்காவது கொஞ்சம் பரவாயில்லை. நடுவில் இருந்த மூன்றாவதை மாட்டியபோது ஒரே ஒரு டங் கேட்டது. முழங்கால் வயிற்றைத் தொடவில்லை. மேடும் ஏறியது. ஆனால் ஏதோ ஒன்று இடறியது. பெடல் கீழே போனாலும் கால் மடங்கியே இருந்தது.

கீரி கண்ணை மூடி யோசித்தது. "கிராங்கு குறைஞ்சதால பெடல் முன்ன மாதிரி கீழே இறங்கல. அப்போ குறைஞ்ச அளவுக்குச் சீட்டை ஏத்தணும்!"

சீட்டை ஏற்றியதும் கால் நன்றாக நீண்டது. கீரிக்கு அந்த இடத்திலேயே ஆடவேண்டும் போலிருந்தது. ஆடியும் விட்டது.

ஏழாம் நாள். வானத்தில் கருமேகம் கூடிக்கொண்டிருந்தது. கல்மேட்டில் கீரியின் பெடல் கல்லுக்கு மேலே நழுவி நழுவிப் போனது. கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, ஆனாலும் சக்கரம் நிற்கவில்லை. உச்சிக்கு வந்தபோது வரையாடுகள் வரிசையாக மறுபுறம் இறங்கிக்கொண்டிருந்தன. கடைசி ஆட்டின் முன்னங்கால் விளிம்பைத் தாண்டிவிட்டது.

"நில்லுங்க! தபால்!"

ஆடு திரும்பியது. கீரி கடிதங்களை நீட்டிவிட்டு அப்படியே பாறையில் சாய்ந்தது. அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப் பொந்துக்குள் இரண்டு குட்டிகளும் உடம்பு நனையாமல் தூங்கின.

அடுத்த நாள் முள்ளம்பன்றிக் கடை வாசலில் பெரிய கூட்டம். எல்லாம் ஒரே குரலில் கத்தின: "எனக்குக் கீரி அளவு! எனக்கும் கீரி அளவு!"

முன்னால் நின்றது நரி. கிழக்கு மலைக்கும் தபால்காரர் வேண்டும் என்று ஆமை அறிவித்திருந்தது.

"உன் கால் என் காலைவிட நீளமாச்சே! கிழக்கு மலையில மணல்தானே, கல்லே இல்லையே! முதல்ல ஓட்டிப் பாரு," என்றது கீரி.

"ரகசியத்தை மறைக்கப் பாக்கறியா? நான் ஏமாற மாட்டேன்!" என்று நரி கிராங்கைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு கிளம்பியது. சீட்டைக்கூட ஏற்றவில்லை. மணலில் அதன் நீளக் கால்கள் மடங்கி மடங்கிச் சுற்றின, வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஏழு நாளும் தாமதம். எட்டாம் நாள் அந்த வேலை ஒரு மரநாய்க்குப் போனது. அது வேலை கேட்டு வந்தபோதே தன் காலையும் மலையையும் அளந்துவிட்டுத்தான் வந்திருந்தது.

ஜெயித்தவரின் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடாமல், நம் காலையும் நம் பாதையையும் பார்த்து நாமே சோதித்துக் கண்ட அளவுதான் நம்மைக் கரை சேர்க்கும்.