மனு மண்டபத்துக் கணினிக்குப் புது இயங்குதளம்

மருதமங்கலத்தில் ராஜாவும் இருந்தார், கணினியும் இருந்தது. இது எந்தக் காலம் என்று கேட்டுக் கதையை நிறுத்தாதீர்கள். மனு எழுதுகிறவர்களும், பதில் வராமல் காத்திருக்கிறவர்களும் எல்லாக் காலத்திலும் உண்டு.

அரசர் பரிதிமாறனுக்குப் பொன்னாடை போர்த்துவது என்றால் உயிர். மனு மண்டபத்துக்குக் கணினி வந்த நாளில் அதற்கும் ஒன்று போர்த்தினார். திரையைத் தவிர மற்ற இடமெல்லாம் பட்டும் சரிகையும். அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னொன்று. அதற்கடுத்த பூஜைக்கு மூன்றாவது. ராஜா கையால் போர்த்தியதை எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மரியாதை சில நேரம் அப்படித்தான். ஏறியது இறங்குவதில்லை.

கணினி மெல்ல மெல்ல மந்தமானது. ஒரு மனுவைத் திறக்கச் சொல்லிவிட்டு, வெற்றிலை போட்டு முடித்து வரலாம். சில நாள் பாதியிலேயே அணைந்துபோகும்.

அமைச்சர் அதிவீரர் ஒரு வெளிநாட்டு வணிகரைச் சபைக்கு அழைத்து வந்தார்.

“அரசே, கணினியை உள்ளிருந்து நடத்துவது இயங்குதளம். தங்களுடையது பழசு. என்னிடம் புதியது இருக்கிறது,” என்றார் வணிகர். “திரையில் பெட்டிகளின் மூலையெல்லாம் உருண்டையாக இருக்கும்.”

“உருண்டையாகவா!” அரசர் சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். “விலை?”

“பத்தாயிரம் பொன்.”

“பெரிய ஏரி மதகுக்கு ஒதுக்கியது அப்படியே இருக்கிறது. மதகை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்,” என்றார் அதிவீரர், மூச்சு விடாமல்.

“மூலை உருண்டையானால் மனு வேகமாக உருளுமா?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். மாசிலாமணி. அரசவையில் அவருக்கு என்ன பதவி என்று யாருக்கும் தெரியாது. வாயால் பிழைப்பவர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

“ஓய், உமக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும்?” என்று சீறினார் அமைச்சர்.

“சண்டை வேண்டாம். நாளை நண்பகலில் பொன்னைக் கொடுக்கப்போகிறேன். பழசே போதும் என்பவர் அதற்குள் நிரூபித்துக் காட்டட்டும்,” என்றார் அரசர்.

அன்று மாலை மாசிலாமணி மனு மண்டபத்துக்குப் போனார். கணினியில் வேலை செய்யும் செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, ஆனந்தக் கண்ணீரா?”

“கேலி பண்ணாதீங்க ஐயா. எங்க ஊர் பெரிய ஏரிக்குக் கீழே இருக்கு. போன மழைக்கே மதகு பிளந்துபோச்சு. வர்ற மழைக்கு நிக்காது. உடைஞ்சா ஊருக்குள்ளேதான் தண்ணி.”

“இயங்குதளம் அவ்வளவு பழசா?”

“வந்து மூணு வருஷம்கூட ஆகலை. இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். கையை உதறினார். தோசைக்கல்லாகக் கொதித்தது. சூடு வெளியேற வைத்திருந்த துளைகளையெல்லாம் சரிகை அடைத்திருந்தது.

“மூச்சு விட வழியில்லை, அவ்வளவுதான். ஆனா நான் சொன்னா, ராஜா செஞ்ச மரியாதையைக் குத்தம் சொல்றேன்னு அமைச்சர் என்னை உள்ளே தள்ளிடுவார்.”

“நீ சொல்ல வேண்டாம். நானும் சொல்லப்போவதில்லை. அமைச்சரே சொல்லட்டும்.”

மறுநாள் நண்பகல். சித்திரை வெயிலில் தூண்கூடச் சுட்டது. வணிகர் பொன் மூட்டைக்குக் கை நீட்டும் நேரம், மாசிலாமணி எழுந்தார்.

“அரசே, வாங்கியே தீர வேண்டும்!”

சபையை ஒட்டிய மனு மண்டப வாசலில் நின்ற செங்கமலம், முந்தானையை மறுபடி கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

“ஆனால் இவ்வளவு நல்ல யோசனை சொன்ன அமைச்சருக்கு ஒரு பொன்னாடைகூட இல்லையா? கணினிக்கே மூன்று போர்த்தினீர்கள். இவர் குறைந்துபோய்விட்டாரா? இவரும் மூன்று போர்த்திக்கொண்டு, தன் வாயாலேயே மனுக்களைப் படிக்கட்டும். கண்கொள்ளாக் காட்சி!”

அரசருக்கு வாயெல்லாம் பல். அதிவீரருக்கோ தலை கால் புரியவில்லை. முதல் பொன்னாடை கழுத்தைச் சுற்றியது. அமைச்சர் கணீரென்று நான்கு மனு படித்தார். இரண்டாவது தோளிலிருந்து முழங்கால் வரை. ஒரு மனு படிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவதைத் தலையோடு போர்த்தி முகத்தை மட்டும் விட்டார்கள்.

“ம...னு... தா...ரர்...” என்றார் அதிவீரர். அப்புறம் சத்தமே இல்லை. கண் மட்டும் எங்கோ நிலைத்திருந்தது.

“என்ன ஆயிற்று இவருக்கு?” அரசர் பதறினார்.

“பயப்படாதீர்கள் அரசே. இயங்குதளம் பழசு. வணிகரே, அமைச்சருக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று இருக்கிறதா? இன்னொரு பத்தாயிரம் ஆனாலும் பரவாயில்லை.”

அதிவீரருக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. “எனக்கு ஒன்றும் பழசாகவில்லை! இந்தப் போர்வையை எடுத்துத் தொலையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்!”

 அரசர் மெதுவாகத் தலையைத் திருப்பி மனு மண்டபத்தைப் பார்த்தார். எழுந்து போனார். தன் கையாலேயே கணினியின் பொன்னாடைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று உருவினார். அடைபட்டிருந்த சூடு அவர் முகத்தில் அடித்தது.

சற்று ஆறவிட்டு, செங்கமலம் பொத்தானைத் தட்டினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் மனு திறந்தது. போன மழையிலிருந்து திறக்காமல் கிடந்த மனு. பெரிய ஏரி மதகைப் பற்றியது.

அரசர் அங்கேயே நின்று படித்தார். “பொன் மூட்டை ஏரிக்குப் போகட்டும்,” என்றார்.

“என் இயங்குதளம்?” என்றார் வணிகர்.

“நல்ல சரக்குதான் ஐயா,” என்றார் மாசிலாமணி. “பழசு தானாக நொண்டும்போது வாருங்கள். மூக்கைப் பொத்திவிட்டு மூளையை மாற்றினால், அந்தப் புது மூளையும் புழுங்கித்தான் சாகும்.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில், கையிலிருந்த மூன்று பொன்னாடைகளையும் விரித்துக்கொண்டு மாசிலாமணியை நெருங்கினார்.

மாசிலாமணி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“மடித்துக் கையில் கொடுங்கள் அரசே! எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.”