சுடலைமுத்து போட்ட முடிச்சு

இந்தக் கதையில் மூன்று பெண்கள் வருகிறார்கள். மூவரும் நல்லவர்கள், மூவரும் ஒருவனுக்காக அழுதவர்கள். அதனால்தான் இதற்குத் தீர்ப்புச் சொல்வது கடினம். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். என் பதிலைப் படிக்கும் முன் உங்கள் பதிலை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் சுடலைமுத்து என்றொருவன் இருந்தான். லோடு வண்டி ஓட்டுபவன். வாரம் முழுக்கச் செங்கோட்டைப் பக்கம் சுற்றிவிட்டுச் சனிக்கிழமை வீடு திரும்புவான். வரும் வழியில் சந்தையில் கண்ணில் பட்டதையெல்லாம், ஒன்றுக்கொன்று சேருமா என்று யோசிக்காமல் வாங்கித் துணிப்பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, மனைவி தங்கபுஷ்பத்தின் முன் வைப்பான்.

"பிரிச்சுப் பாரு. இதை வச்சுத்தான் நாளைக்குச் சமையல். கடைக்கு ஓடப்படாது."

அவள் முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்ததும் தலையில் கைவைப்பாள். "வாழைப்பூவையும் முள்ளங்கியையும் யாராவது சேத்து வாங்குவாவளா?" என்று சண்டை போடுவாள். பிறகு எப்படியோ ஒரு குழம்போ கூட்டோ ஆக்கிவிடுவாள். சில நாள் அது வாயில் வைக்க விளங்காது. அன்றும் அவன் வழித்துச் சாப்பிடுவான். கல்யாணமான புதிதில் பேசக் கூச்சப்பட்டுக் கிடந்த இருவரும் அந்தச் சண்டையில்தான் பேசப் பழகினார்கள்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வழியில் வண்டி கவிழ்ந்து சுடலைமுத்து இறந்துபோனான். வீட்டுக்கு உடல்தான் வந்தது. கூடவே, வண்டியின் முன்பக்கம் கிடந்ததென்று ஒரு துணிப்பையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கட்டிய வாய் கட்டியபடியே இருந்தது.

அவன் தாய் பேச்சியம்மாள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். "எம்மவன் கையால போட்ட முடிச்சு. இதை ஒருத்தரும் அவுக்கப்படாது" என்றாள்.

கருமாதி முடியும்வரை சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த சுடலைமுத்துவின் அக்காள் வேலம்மாள்தான் சோறு பொங்கிக் கொண்டுவந்தாள். தங்கபுஷ்பம் அதில் ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆகியிருந்த அவளுக்குப் பால் வற்றியது. கைக்குழந்தைக்குப் பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அது துப்பிவிட்டு, தொண்டை கட்டும்வரை அழுதது.

அதற்குள் பையிலிருந்து கீரை வாடும் வாசனை வரத் தொடங்கியது. தங்கபுஷ்பம் எழுந்து மாமியார் முன் போய் நின்றாள்.

"அத்தை, அந்தப் பையை எறக்கித் தாங்க. அவுக எனக்குத்தான் கொண்டாந்தாக. நான் ஆக்கணும்."

"ஏட்டி, இது இப்போ அடுப்பு பத்தவைக்கிற வீடா?"

"கருமாதி வரைக்கும் கீரை தாங்குமா அத்தை? அழுகிப் போயிருமே."

"அழுகட்டும். அவனே போயிட்டான்" என்றாள் பேச்சியம்மாள்.

தங்கபுஷ்பம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேலம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் தாய் அசந்து கண்ணயர்ந்த நேரத்தில் பையை எடுத்து, முந்தானைக்குள் மறைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். முடிச்சை அவிழ்க்க விரல் ஓடவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே இரண்டு மாங்காய், ஒரு கை பலாக்கொட்டை, துவண்டுபோன தண்டுக்கீரை, ஒரு கருப்பட்டி. சாம்பாரும் ரசமும் தவிர வேறெதுவும் வைத்துப் பழகாதவள் அவள். தம்பியே அதைச் சொல்லிக் கேலி செய்வான். அவற்றை முன்னால் பரப்பி வைத்து நெடுநேரம் விழித்தாள். பிறகு பலாக்கொட்டையைத் தோலுரித்து வேகவைத்தாள். கீரைத்தண்டையும் மாங்காயையும் நறுக்கிச் சேர்த்தாள். தேங்காயும் மிளகாயும் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு ருசி பார்த்தால், ஒரே புளிப்பு. கருப்பட்டியில் கொஞ்சம் தட்டிப் போட்டதும் புளிப்பு அடங்கியது. சோற்றோடு பிசைந்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கிண்ணத்தைக் கையில் வாங்கியதுமே தங்கபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது.

"பையை யாரு மதினி பிரிச்சா?"

"நாந்தான்."

"உள்ள என்னென்ன இருந்துச்சு?"

வேலம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கருப்பட்டியுமா?" தங்கபுஷ்பம் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரும் முன்பே முகம் கோணிவிட்டது. "கீரைக்கும் கருப்பட்டிக்கும் என்ன சம்பந்தம்னு நான் சண்டை போட்டிருப்பேனே மதினி. கடைசியா அந்தச் சண்டையைக்கூடப் போட விடலையே."

அப்போது குழந்தை அழுதது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் சோற்றில் விழ விழ, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் குழந்தைக்குப் பால் கிடைத்தது.

விழித்தெழுந்த பேச்சியம்மாள் வெறும் ஆணியைப் பார்த்தாள். மருமகளை ஒரு சொல் சொல்லவில்லை. மகளிடம் மட்டும், "நீ எனக்குப் பொறந்தவளே இல்ல" என்றாள். கருமாதி அன்றும் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

மகனின் முடிச்சைக் காத்த தாய். வழக்கத்தை மீறியாவது தன் கையால் ஆக்கக் கேட்டு, முடிவில் பிறர் ஆக்கியதை உண்ட மனைவி. கேட்காமல் எடுத்துச் சமைத்த அக்காள். இம்மூவரில் யார் செய்தது சரி?

என் பதில் இது. தங்கபுஷ்பம் செய்ததே சரி. பேச்சியம்மாள் தன்னிடம் இருந்த எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலம்மாள் கொடுத்தாள், ஆனால் அவள் கொடுத்தது தன்னுடையதை அல்ல. பையைத் தங்கபுஷ்பத்தின் மடியில் வைத்து, "நீ பிரி, நான் ஆக்கித் தாரேன்" என்று சொல்லியிருந்தால் பாதித் துக்கமாவது குறைந்திருக்கும். பறிபோனது தன்னுடையது என்று தெரிந்தும், பிள்ளைக்காக அதை விழுங்கியவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான். ஆனாலும் வேலம்மாளைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்தது அவள் தம்பியும்தான். நீ சாப்பிட்டாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.