பொதிக்கழுதை பள்ளத்து ஓரம் நடப்பது ஏன்?

அந்தக் காலத்தில் கழுதைக்கும் வாய் இருந்தது. கத்துகிற வாயைச் சொல்லவில்லை. அது இன்றைக்கும் இருக்கிறது, ஊருக்கே கேட்கிறது. பேசுகிற வாய். மாடு பேசும், மந்தி பேசும், எல்லாவற்றுக்கும் மனிதர்கள் காது கொடுப்பார்கள். கழுதை பேசினால் மட்டும் கழுதைப் பேச்சுத்தானே என்று விட்டுவிடுவார்கள். அதனால் வந்த வினைதான் இந்தக் கதை.

போடிக்கு மேற்கே மலையேறிப் போகிற பழைய பாதை ஒன்று. கீழேயிருந்து உப்பும் கருவாடும் சட்டி பானையும் மேலே போகும். மேலேயிருந்து மிளகும் ஏலமும் தேனும் கீழே வரும். உச்சியில், பாதை மறுபக்கம் கவிழ்கிற இடத்துக்கு மெட்டு என்று பெயர். மெட்டில் நின்றால் கண்ணுக்கு எட்டின மட்டும் மலைக்குப் பின்னால் மலை. மேகம் நம் காலுக்குக் கீழே கிடக்கும். லாபக் கணக்கைத் தவிர வேறெதுவும் தெரியாத வியாபாரிகூட அங்கே வந்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "அடடா! அடடா!" என்று ஒரு வெற்றிலை மென்று துப்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பார்க்காத ஆள் ஒருவன் உண்டு. அவன் பெயர் ஒச்சப்பன். கழுதை மேல் பொதி ஏற்றிப் பிழைக்கிறவன். மாதம் தவறாமல் மலையேறுகிறவன்தான், ஆனாலும் பள்ளம் என்றால் அத்தனை பயம். அதனால் பாறையைப் பார்த்த முகத்தை அந்தப் பக்கம் திருப்ப மாட்டான். எந்த வளைவில் எந்தப் பாறையில் பாசி படர்ந்திருக்கிறது என்று கேளுங்கள், சொல்லுவான். பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "அங்க என்னத்தைப் பாக்க? எமன் இருப்பான்" என்பான்.

பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன். இரண்டு கழுதைகள் இருந்தன, அக்காளும் தங்கச்சியும். மூத்தது சாம்பல் நிறம், பேர் சாம்பி. இளையதுக்குக் காது ஓரம் பிய்ந்திருக்கும், பேர் மூளி. இரண்டும் அவன் மடியில் தவிட்டுக் கஞ்சி குடித்து வளர்ந்தவை. அவனை அய்யா என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அவன் "ஏ கழுதைகளா" என்பான். அதில் அவை கோபிக்க என்ன இருக்கிறது?

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று சும்மாவா சொன்னார்கள்? சுவர் என்றால் கழுதைக்கு அத்தனை பிரியம். அந்தக் காலத்துக் கழுதைகள் மலைப்பாதையிலும் அப்படியே பாறையை உரசிக்கொண்டு நடந்தன. ஒச்சப்பனுக்கு அது ரொம்பத் தோது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் போவான். கொஞ்சம் விலகினாலும் வெடுக்கென்று உள்பக்கம் இழுப்பான். உப்பு மூட்டையும் மிளகு மூட்டையும் ஒடுக்கமானவை, பாறையில் இடிக்காது. அதனால் ஒன்றும் தெரியாமலே காலம் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மலைக்கிராமத்தில் அறுப்பு முடிந்து சாமி கும்பிடுவதற்குப் புதுப்பானை கேட்டார்கள். அந்த மண்ணில் பானை வனைய முடியாது, கீழேயிருந்துதான் போக வேண்டும். அதுவரை பானை ஏற்றியிராத ஒச்சப்பன் அவற்றை வைக்கோல் சுற்றி வலையில் கட்டி, ஒவ்வொரு கழுதைக்கும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டான். கழுதையே தெரியவில்லை, பானைக்கு நாலு கால் முளைத்து நடக்கிற மாதிரி இருந்தது.

பாதி மலை ஏறுவதற்குள் சாம்பி முனக ஆரம்பித்துவிட்டது. "அய்யா, பொதி பாறையில இடிக்குது. ஒவ்வொரு இடிக்கும் என்னைய வெளியில தள்ளுது."

"அப்ப இன்னும் ஒட்டி நட."

"ஒட்டி நடந்தாத்தான் இடிக்குது!"

"ஏ கழுதை, நீ எனக்குப் பாதை சொல்லித் தர்றியா? சுவத்தை ஒட்டி நடந்தவன் கெட்டதே இல்ல."

மெட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு. அங்கே பாறை தொந்தி தள்ளிக்கொண்டு நிற்கும், பாதை ஒற்றை ஆள் அகலம்தான். மூளிதான் முன்னால் வந்தது. பாறையைப் பார்த்ததும் அது நின்று யோசித்தது. "அய்யா, இந்த இடத்துல மட்டும் நான் விலகிப் போறேன்" என்று சொல்லி ஒரு காலை ஓரத்தில் எடுத்து வைத்தது.

ஒச்சப்பன் திரும்பினான். வளர்த்த பிள்ளையின் குளம்பு பள்ளத்து விளிம்பில் இருப்பதைப் பார்த்தான். "ஆத்தாடி!" என்று இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கயிற்றைப் பாறைப் பக்கம் சுண்டி இழுத்தான்.

பானைகள் பாறையில் மோதின. மோதிய வேகம் மூளியைப் பள்ளத்துப் பக்கம் தூக்கி எறிந்தது, அந்தப் பக்கத்துப் பொதி மிச்சத்தையும் இழுத்துக்கொண்டது. கயிறு ஒச்சப்பனின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. "அய்யா" என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் வெகுநேரம் கல் உருளுகிற சத்தம்தான்.

ஐயோ பாவம், அவன் அழுத அழுகை! தலையைப் பாறையில் முட்டிக்கொண்டு அழுதான். ஆனால் அந்த இடத்தில் கழுதையைத் திருப்ப வழியில்லை. மேலே இருந்து மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால்தான் போயாக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சாம்பியின் கயிற்றைப் பிடித்தான். பிடித்தவன் என்ன செய்தான் தெரியுமா? மறுபடியும் பாறைப் பக்கமே இழுத்தான்!

சாம்பி நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது.

"இன்னமும் அந்தப் பக்கமே இழுக்கிறியேய்யா."

"பள்ளம்டி தாயி! உன் தங்கச்சிய முழுங்குன பள்ளம்டி!"

"பள்ளம் யாரையும் முழுங்கல. அது பாட்டுக்கு அது கிடக்கு. நீ இழுத்தே, பாறை தள்ளுச்சு."

அது உதைத்திருந்தால்கூட ஒச்சப்பன் தாங்கியிருப்பான்.

"பள்ளம் எங்க இருக்குன்னு என் கண்ணுக்குத் தெரியும்" என்றது சாம்பி. "எங்க கால் வைக்கணும்னு என் காலுக்குத் தெரியும். முதுகுல கட்டுன பொதி எந்தப் பாறையில இடிக்கும்னுதான் எனக்குத் தெரியாது. நீ பாறை ஓரமாப் போ. எனக்கு ஓரத்தை விடு. கயித்தையும் விடு."

"விட்டா நீயும் போயிருவியே! உன்னையும் விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

"பிடிச்சு ஒருத்திய அனுப்புனே. ஒருத்திய விட்டுப் பாரு."

அவன் கை திறக்கவில்லை. தோல் உரிந்த இடத்தில் ரத்தமும் கயிறுமாக ஒட்டிக்கிடந்தது. விரல் விரலாகத்தான் பிரித்தான். கயிற்றைச் சுருட்டி சாம்பியின் கழுத்திலேயே கட்டிவிட்டு, பாறை உள்வாங்கியிருந்த இடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். சாம்பி அவனைத் தாண்டிப் பள்ளத்து விளிம்புக்குப் போனது. விளிம்பிலிருந்து சின்னக் கற்கள் உதிர்ந்தன. பானைக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தான், முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகப் பள்ளத்துப் பக்கம் கண் எடுக்காமல் பார்த்தான். அடடாவும் தெரியவில்லை, எமனும் தெரியவில்லை. சாம்பியின் நாலு குளம்புதான் தெரிந்தது.

ஒரு பானைகூட உடையாமல் அது வளைவைத் தாண்டியது.

மலைக்கிராமத்தில் ஒரு பொதிப் பானையைத்தான் இறக்கினான். இன்னொன்று எங்கே என்று கேட்டவர்களுக்கு நடந்ததை மறைக்காமல் சொன்னான். பாறை தள்ளிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவன் அப்படிச் சொல்லவில்லை. "நான்தான் இழுத்துட்டேன்" என்றான். பொதி ஏற்றுகிற எல்லாருக்கும் அதையே சொன்னான். சாம்பி போட்ட குட்டிகள் தாயின் பின்னால் ஓரத்திலேயே நடந்து பழகின, அதுகளின் குட்டிகளும் அப்படியே.

இன்றைக்கு அந்தப் பக்கம் மலையேறிப் பார்க்க வருகிறவர்கள், விளிம்பில் நடக்கிற கழுதையைக் கண்டு, "ஐயையோ, யாராவது உள்ளே இழுங்களேன்!" என்று பதறுகிறார்கள். கூட வருகிற பொதிக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அன்று முதல்தான் மலைப்பாதையில் ஆளுக்குப் பாறை ஓரம், கழுதைக்குப் பள்ளத்து ஓரம். மெட்டு தாண்டுகிற வரைக்கும், எவ்வளவு பிரியமான கழுதையானாலும், அதன் கயிற்றை யாரும் தொடுவதில்லை.