ஆள்காட்டிக் குருவியும் எட்டுப் பள்ளமும்

இந்தக் கதையைச் சொன்னது ஓர் எருமை. கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அன்று முதல் இன்று வரை இதை முழுதாக நம்ப முடியவில்லை. எருமை பேசியதில் சந்தேகம் இல்லை. கரடி வண்டி ஓட்டியதிலும் இல்லை. மனதை உறுத்துவது வேறொன்று. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கொன்றைக்காட்டில் ஒரு மேடு. மேடு முழுக்கப் பனைமரங்கள். கீழே அல்லிக் குளம். மேட்டிலிருந்து குளத்துக்கு ஒரு சரிவான பாதை உண்டு. நேராக வரும் பாதை, குளத்தை நெருங்கும்போது இடப்பக்கம் வளையும். வளையாமல் நேராகப் போனால் பரல்கற்கள் நிறைந்த ஒரு பொட்டல்.

அந்தப் பொட்டலில்தான் ஆள்காட்டிக் குருவி வடிவு நாலு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில் நாலு கல்லை ஒதுக்கிவிட்டு நடுவில் முட்டையிடும். முட்டையும் கல்லைப் போலவே புள்ளி புள்ளியாக இருக்கும். மேலே வட்டமிடும் பருந்துக்குக்கூட எது கல், எது முட்டை என்று தெரியாது.

பருந்திடமிருந்து காப்பாற்றிய அந்த நிறமே இப்போது வடிவுக்கு வினையாக வந்தது.

ஏனென்றால் காட்டுக்குள் வண்டி வந்துவிட்டது.

பனங்காய் வண்டிதான். முன்னால் ஒரு பனங்காய்ச் சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் உட்கார ஒரு பலகை. கையில் ஒரு கவைக்குச்சி. குச்சியைத் திருப்பினால் வண்டி திரும்பும். பின்னுக்கு இழுத்தால் நிற்கும். முன்பக்கம் ஒரு தவளையைக் கட்டியிருப்பார்கள். அதன் வயிற்றை அமுக்கினால் "கொர்ர்ர்!" என்று கத்தும். அதுதான் ஹாரன்.

மேட்டிலிருந்து குளத்துக்கு வண்டியில் வருவது சுகம். திரும்பி ஏறும்போது வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடந்து வந்தால் இதில் பாதிச் சிரமம்கூட இல்லை. ஆனாலும் வண்டி வண்டிதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அன்று காலை முதலில் வந்தது முயல். வந்ததென்று சொல்லக் கூடாது. ஏதோ பறந்தது.

"வளைவு! வளைவு! திருப்பு!" என்று வடிவு கத்தினாள்.

முயல் திருப்பவில்லை. வண்டி நேராகப் பொட்டலில் ஏறி, முட்டைகளுக்கு ஒரு விரற்கடை தள்ளி ஓடி, குளத்தில் தொப்பென்று விழுந்து நின்றது.

"ஏன்டா, கண்ணு இல்லையா உனக்கு?"

"முட்டையா அது? கல்லுன்னு நினைச்சேன் அக்கா!" என்றது முயல், வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிக்கொண்டே.

"கல்லா இருந்தாத்தான் என்ன? வண்டியைக் கல்லு மேலயா விடுவாங்க?"

அடுத்து குரங்கு வந்தது. அதன் வால் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் திரும்பப் போகிறது என்று வடிவு இடப்பக்கம் ஒதுங்கினாள். வண்டி நேராக அவள் மேலேயே வந்தது.

"வாலை அந்தப் பக்கம் நீட்டிட்டு இந்தப் பக்கம் வர்றியே!"

"ஈரமா இருந்துச்சு. காயப் போட்டேன்" என்றது குரங்கு.

மயில் தோகையை விரித்தபடி வந்தது. பின்னால் வந்த நரிக்குப் பாதை தெரியவில்லை. மயிலுக்கும் தெரியவில்லை, அது குளத்தில் தெரிந்த தன் நிழலைப் பார்த்துக்கொண்டு வந்தது. கடைசியாக வந்தது கரடி. தவளையை அமுக்கிக்கொண்டே வந்தது.

"கொர்ர்! கொர்ர்! அமுக்காதீங்க, நானே கத்துறேன்! கொர்ர்!" என்று தவளை கெஞ்சியது.

"அண்ணே, குச்சியைப் பின்னால இழுங்க! நிறுத்துங்க!" என்று வடிவு அலறினாள்.

"ஹாரன் அடிச்சாச்சு தங்கச்சி, இனி ஒதுங்கறது உன் பொறுப்பு!"

"முட்டை எப்படிண்ணே ஒதுங்கும்?"

கரடியின் சக்கரம் கூட்டின் ஓரத்தை உரசியது. ஒரு முட்டை உருண்டு வெளியே ஓடியது. வடிவு பதறிப் போய் அலகால் தள்ளித் தள்ளி அதைப் பழைய இடத்தில் சேர்த்தாள். உடையவில்லை. ஆனால் குஞ்சு பொரிக்க இன்னும் பதினெட்டு நாள். நாளுக்கு நாற்பது வண்டி.

அவள் கணவன் முத்தையன் குளத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தான். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் ஈர இறகால் குளிர வைப்பது அவன் வேலை.

"வேற இடத்துக்குப் போயிடுவோமா?" என்றான்.

"முட்டையை முதுகுல கட்டிக்கிட்டா? நீ இங்க உட்காரு. நான் ஆபீசரைப் பார்த்துட்டு வர்றேன்."

காட்டில் எல்லா வண்டிக்கும் உரிமம் தருகிற அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் கரியப்பன். இந்தக் கதையைச் சொன்ன எருமை அவர்தான். காலையில் தேர்வுத் திடலில் இருப்பார். வெயில் ஏறியதும் பாதை வளைவுக்கு இடப்பக்கம் உள்ள சேற்றுக் குட்டையில் படுத்துவிடுவார். வடிவு போனபோது திடலில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்ககிட்ட உரிமம் வாங்கின ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியலை! என் முட்டை மேலயே வர்றாங்க!"

கரியப்பனுக்கு ரோஷம் வந்தது. "என்னம்மா பேசற? எல்லாரும் என் கண் முன்னால எட்டுப் போட்டவங்க! மூணு வருஷமா இந்தத் திடல்ல ஒருத்தர்கூடத் தோற்கலை. பக்கத்துக் காட்டுல இப்படி ஒரு கணக்கு காட்டச் சொல்லு பார்ப்போம்!"

"தோற்கவே இல்லையா? கரடி அண்ணன்கூடவா?"

"கரடி தூங்கிக்கிட்டே எட்டுப் போட்டான். அப்படி ஒரு கைத்திறமை!"

அப்போது ஓர் ஆமை தேர்வுக்கு வந்தது. கூடவே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் நரி சாமிக்கண்ணு. பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நண்டைத் தட்சணையாக வாங்கிக்கொண்டு, காதில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்.

இப்போதும் சொன்னார். "குச்சியைத் தொடாதே!"

ஆமை தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நரி வண்டியைப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். வண்டி தானாக ஓடியது. வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம். அச்சு அசலாக ஓர் எட்டு!

"பலே! பலே!" என்றார் கரியப்பன். ஒரு பூவரச இலையில் குளம்பைப் பதித்துக் கொடுத்தார். அதுதான் உரிமம்.

"முடிஞ்சுதா?" என்று ஓட்டுக்குள்ளிருந்து கேட்டது ஆமை.

வடிவு தரையைப் பார்த்தாள். திடலின் நடுவே ஒரு பள்ளம். என்றோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் உண்மையாகவே எட்டுப் போட்டிருக்கிறார். ஈர மண்ணில் சக்கரம் பதிந்திருக்கிறது. அடுத்தவர் வண்டி அந்தத் தடத்தில் இறங்கியது. அதற்கடுத்தவர் வண்டியும் இறங்கியது. மூன்று மழைக்காலம் போனதில் முழங்கால் ஆழத்துக்கு எட்டு வடிவில் ஒரு பள்ளம்! முன்சக்கரம் அதில் விழுந்தால் போதும். ஓட்டுவது ஆளா, பள்ளமா என்று தெரியாது.

"ஐயா, அது பள்ளம்!" என்றாள் வடிவு.

"எட்டு" என்றார் கரியப்பன்.

"பள்ளம் ஐயா!"

"எட்டுன்னு சொல்றேன். எனக்கு எட்டுத்தான் வேணும். எட்டு வந்துச்சா இல்லையா? உன் முட்டையை வேற எங்கயாவது போய்ப் போடு."

வடிவு மேற்கொண்டு பேசவில்லை. சும்மா இருக்கும்போதே ஊரைக் கூட்டும் பறவை அது. அது வாயை மூடிக்கொண்டு திரும்பினால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

நேராகக் காட்டுப்பன்றியிடம் போனாள்.

"மாமா, வளைவுகிட்ட கோரைக்கிழங்கு இருக்கு. வரிசையா இருக்கு. என் பின்னாலயே தோண்டிக்கிட்டு வாங்க."

"வரிசையாவா? கிழங்கு வரிசையா முளைக்குமா?"

"வேண்டாம்னா விடுங்க. முள்ளம்பன்றிகிட்ட சொல்றேன்."

"ஏய், இரு, இரு!"

வடிவு முன்னே குடுகுடுவென்று ஓடினாள். பன்றி மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டு பின்னே வந்தது. முதல் கிழங்கு கிடைத்தது. இரண்டாவதும் கிடைத்தது. அதற்குப் பிறகு நம்பிக்கை மட்டுமே பன்றியை இழுத்துச் சென்றது. பாதை நேராக இருந்த இடத்தில் தொடங்கிய பள்ளம், வளைவோடு இடப்பக்கம் வளைந்து, இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வளைந்து, சேற்றுக் குட்டையின் கரையில் போய் முடிந்தது.

"எங்கடி மிச்சக் கிழங்கு?"

"அடுத்த வருஷம் முளைக்கும் மாமா!"

மதிய வெயில் ஏறியது. கரியப்பன் குட்டையில் வந்து படுத்தார். மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரிந்தன. வடிவு முட்டைகளின் மேல் உட்கார்ந்து பாதையையே பார்த்தாள். பள்ளம் ஏமாற்றிவிட்டால் நாலு உயிரும் போய்விடும்.

மேட்டில் முயலின் வண்டி கிளம்பியது. வந்தது, வந்தது, பொட்டலை நோக்கியே வந்தது. வடிவு இறக்கையை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டாள். டக்! முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வண்டி அழகாக இடப்பக்கம் வளைந்தது.

"அட! எனக்குத் திருப்பக்கூடத் தெரியுதே!" என்று முயல் பெருமைப்பட்டது.

அடுத்த நொடி தொப்! கரியப்பனின் கொம்புகளுக்கு நடுவே முயல் உட்கார்ந்திருந்தது.

"என்னடா இது? இறங்கு!"

"ஐயா, நகருங்க, குரங்கு வருது!"

"நான் எதுக்கு நகரணும்? நான் பாதையிலயா இருக்கேன்? சேத்துல இருக்கேன்!"

தொப்! குரங்கு. வால் இப்போதும் வலப்பக்கம்தான் நீட்டியிருந்தது, அதிகாரியின் மூக்குக்குள். தொப்! மயில், விரித்த தோகையோடு. தொப்! நரி சாமிக்கண்ணு. ஆமை வந்து விழுந்தது, "முடிஞ்சுதா?" என்று கேட்டது. கடைசியாகக் "கொர்ர்ர்ர்!" என்று ஒரு சத்தம்.

"கரடி! கரடி வர்றான்! குச்சியை இழுடா, கரடி!" என்று கரியப்பன் கத்தினார்.

"ஹாரன் அடிச்சாச்சு ஐயா, இனி ஒதுங்கறது உங்க பொறுப்பு!"

பெரிய தொப்.

சேறு அடங்க வெகுநேரம் ஆனது. தவளை மட்டும் கட்டு அவிழ்ந்து, சந்தோஷமாக நீந்திப் போனது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

"நான் ஒழுங்காத்தான் வந்தேன்!" என்றது முயல். "பரீட்சையில எப்படி வந்தேனோ அப்படியே வந்தேன். குச்சியைத் தொடவே இல்லை!"

"நானும் தொடலையே!" என்றது குரங்கு.

"அது எதுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றது கரடி. "முதுகு சொறியன்னு நினைச்சேன்."

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரி கரியப்பனைப் பார்த்தார். கரியப்பன் மூன்று மயிலிறகும் கொஞ்சம் கோரையும் தலையில் சூடியபடி பொட்டலைப் பார்த்தார். அங்கே வடிவு உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்கவில்லை.

அதிகாரி எழுந்து, வளைவில் இருந்த பள்ளத்தை மூடிவிட்டுத் திடலுக்குப் போனார். எட்டுப் பள்ளத்தில் மண்ணைத் தள்ளினார். நான்கு காலாலும் மிதித்துச் சமன் செய்தார்.

"எல்லா இலையும் செல்லாது! மறுபடியும் தேர்வு! முதல்ல வாத்தியார் வரட்டும்."

நரி சாமிக்கண்ணு வண்டியில் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு குச்சியைப் பிடித்தார். வண்டி எட்டும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. நேராகப் போய்க் காரைமுள் புதரில் செருகிக்கொண்டது. அன்று தேர்வுக்கு வந்த நாற்பது பேரும் தோற்றார்கள். கரடி மட்டும் தன் உரிமம் செல்லும் என்று வாதாடியது. ஆனால் இலையை ஆடு தின்றுவிட்டிருந்தது.

அதன் பிறகு பல நாள் எல்லோரும் குளத்துக்கு நடந்தே வந்தார்கள். காலையில் திருப்பப் பழகினார்கள். மாலையில் நிறுத்தப் பழகினார்கள். நிறுத்துவதுதான் மிகவும் கடினமாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள், கரடி புது இலையோடு முதல்முறையாக வண்டியில் வந்தது. வளைவு வந்தது. கரடி குச்சியைத் திருப்பியது. வளைவைத் தாண்டியதும், பாதையின் நடுவே நாலு கூழாங்கல் கிடந்தது. கரடி குச்சியைப் பின்னுக்கு இழுத்தது. வண்டி நின்றது.

கல் நான்கும் எழுந்து, குச்சிக் கால்களால் குடுகுடுவென்று பாதையைக் கடந்து குளத்துக்கு ஓடின. பின்னாலேயே வடிவும் முத்தையனும் ஓடினார்கள்.

"கல்லுன்னு நினைச்சுத்தான் நிறுத்தினேன் தங்கச்சி!" என்றது கரடி.

"எதுன்னு நினைச்சா என்னண்ணே? நிறுத்தினீங்களே!" என்றாள் வடிவு.

உரிமத்தை இலையில் வாங்கியவர் ஓட்டுநர் அல்ல, எதிரே கிடப்பது கல்லா உயிரா என்று தெரியாதபோதும் நிறுத்துகிறவரே ஓட்டுநர்.

கரியப்பன் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அதே குட்டையில் படுத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். குரங்கின் வாலைச் சொல்லும்போது அவருக்கே மூக்கு கூசுகிறது. நரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிக்கிறார். நல்ல கதைதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அந்த உறுத்தலும் கூடவே வந்தது. போன மாதம் மனம் பொறுக்காமல் மறுபடியும் போய், குட்டைக் கரையில் உட்கார்ந்து, கடைசியில் அவரிடம் கேட்டே ஆயிற்று:

"ஐயா, முழங்கால் ஆழப் பள்ளம், மூணு வருஷம் பக்கத்துலயே நின்னீங்களே, அது உங்க கண்ணுல படவே இல்லையா, இல்லை பட்டும் அசை போட்டுக்கிட்டே இருந்தீங்களா?"