மரங்கொத்தி தட்டிவிட்டுக் காது கொடுப்பது ஏன்

அந்தக் காலத்தில் ஆடு மாடும் பறவைகளும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. பேசின என்றதும் பெரிய ஞானமெல்லாம் பேசின என்று நினைத்துவிட வேண்டாம். பசிக்கிறது, முதுகு அரிக்கிறது, பக்கத்து வீட்டு ஆடு சரியில்லை, இந்த அளவுதான் பேச்சு. மரங்கள் மட்டும் அப்போதும் ஊமைதான்.

மலையடிவாரத்தில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் போய் நாலு வருஷம். அவளுக்கென்று இருந்தது காரி என்கிற ஒரே எருமை. அதன் பாலையும் நெய்யையும் வைத்துத்தான் அவளும் படுக்கையில் கிடந்த மாமனாரும் கஞ்சி குடித்தார்கள். விடிந்தால் சாணி அள்ள வேண்டும், கறக்க வேண்டும், கடைய வேண்டும், மாமனாரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும் முடித்து அப்பாடா என்று உட்காரப் போகிற நேரத்தில் பொழுது சாயும். மேயப் போன எருமை வீடு திரும்பியிருக்காது.

மறுபடி எழுந்து காட்டுக்கு நடப்பாள். தொண்டை வறளக் கூப்பிடுவாள். காரி ஏதாவது ஒரு சேற்றுக் குட்டையில் கழுத்துவரை அமிழ்ந்து அசை போட்டுக்கொண்டிருக்கும்.

“ஏன்டி, இவ்வளவு நேரமாக் கத்துறேனே, இங்கே இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“வாயில புல் இருந்தது,” என்னும் காரி. “வாய் நிறைய வச்சுக்கிட்டுப் பேசாதேன்னு நீதானே சொன்னே.”

எருமையோடு யார் வாதாடி ஜெயித்தது? சடைச்சி அதை ஓட்டிக்கொண்டு வருவாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஒத்தாசை ஒரு பறவை. தலையில் சிவப்பாகக் கொண்டை இருந்ததால் அதற்குக் கொண்டைக்காரி என்று பேர். மர உச்சியிலிருந்து பார்த்துவிட்டு, “அக்கா, உன் எருமை ஓடைக்கு மேற்கே மூங்கில் புதர்கிட்டக் கிடக்கு,” என்று வந்து சொல்லும். சடைச்சி விறகைப் பிளக்கும்போது கிடைக்கிற புழுக்களை அதற்கென்று எடுத்து வைப்பாள். அந்தப் பறவைக்கு அப்போது மரத்தைக் கொத்தத் தெரியாது. அலகு மெத்தென்று இருக்கும். தானாக உண்டான பொந்தில்தான் முட்டையிடும்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் அது வந்து, “அக்கா, இனிக் கொஞ்ச நாளைக்கு என்னை எதிர்பார்க்காதே. மூணு முட்டை இட்டிருக்கேன்,” என்றது. “போன வருஷம் பாம்பு குடிச்சிட்டுப் போச்சு. அதுக்கு முந்தின வருஷம் காக்கா. இந்தத் தடவையும் போனா இன்னொரு தடவைக்கு என் உடம்பில தெம்பு இல்லை.”

“எந்த மரம்டி?”

“காத்துக்குக்கூடச் சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காதே.”

“கோவிச்சுக்க எனக்கு எங்கே நேரம் இருக்கு,” என்றாள் சடைச்சி.

நாலு நாள் கழித்து மலையிலிருந்து ஒரு புலி கீழே இறங்கியது. முதல் நாளே அடுத்த குடிசைக்காரரின் எருமையை அடித்துப் போட்டது. பொழுது சாய்வதற்குள் காரியைக் கண்டுபிடித்து ஓட்டி வராவிட்டால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அதுவும் போகும். அப்புறம் மாமனாருக்குக் கஞ்சி ஏது? கழுத்தில் ஒரு மணி கட்டிவிட்டால் சத்தத்தை வைத்துப் போய்விடலாம். வெண்கல மணி கோயிலில்தான் பார்த்திருக்கிறாள். அதனால் மரத்தில் ஒன்று செதுக்கிக்கொள்வது என்று முடிவு செய்தாள். அதுவரை அவள் உளியைத் தொட்டதுகூட இல்லை.

ஒரு பானை நெய்யைத் தூக்கிக்கொண்டு கீழூர்க் கொல்லனிடம் போனாள். அவர் மூன்று உளிகளை எடுத்து வைத்தார். ஒன்று நாலு விரல் அகலம், பார்க்கவே கம்பீரமாக இருந்தது. இன்னொன்று நடுத்தரம். மூன்றாவது சின்னதாக, நுனி நகம்போல வளைந்து இருந்தது. நெய்க்கு ஒன்றுதான் வரும் என்றார்.

“மணி குடையத்தானே? வளைஞ்ச உளியை எடு தாயி. சின்னதுன்னாலும் குழிக்குள்ள போய்த் திரும்பும்.”

“இதை வச்சுச் சுரண்டிக்கிட்டு இருந்தா நான் எப்ப முடிக்கிறது? பெரிசையே குடுங்க. நாலு போடு போட்டா வேலை முடியணும்.”

புதிதாக உளி பிடிக்கிற எல்லோருக்கும் வருகிற ஆசைதான். கொல்லன் பெரியதையே கொடுத்துவிட்டு, “மரத்தையாவது பார்த்து எடு,” என்றார். “தட்டிப் பாரு. தட்டிட்டுக் காது குடு. நல்ல மரம் பதில் சொல்லும்.”

சடைச்சிக்கு வீடு வந்து சேர்ந்தபோதே கால் ஓய்ந்திருந்தது. கெட்டியான மரம்தானே காலத்துக்கும் நிற்கும் என்று முதலில் ஈட்டி மரத்தில் கை வைத்தாள். மரத்துக்கு ஒரு கீறல் விழுவதற்குள் உளியின் வாய் முறிந்தது. அதைக் கல்லில் தேய்த்துச் சரி செய்யவே அரை நாள் போனது. சரி, மெத்தென்றதை எடுப்போம் என்று முருங்கையை வெட்டினாள். அது வெந்த கிழங்கு மாதிரி பிய்ந்து வந்தது. தட்டினால் சத்தமே இல்லை. மூன்றாவதாகக் குமிழ மரம் அகப்பட்டது. உளிக்கு இணங்குகிற மரம், தட்டினால் கணீரென்று கேட்கிற மரம். வெளிப்பக்கம் ஒரு சின்னக் குடம்போல அழகாக வந்துவிட்டது. குடையத் தொடங்கியதும்தான் கொல்லன் சொன்னது புரிந்தது. அகல உளி குழிக்குள் திரும்பவில்லை. அழுத்தினாள், மணி இரண்டாகப் பிளந்தது. இன்னொன்று செய்தாள், அதுவும் பிளந்தது. மூன்றாவதும் பிளந்தபோது அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வளைந்த உளி வாங்க இன்னொரு பானை நெய் சேரவேண்டும், அதற்கு ஒரு மாதம் ஆகும்.

அன்றைக்குக் காரியைத் தேடிப் போனால் குட்டையின் கரையில் புலியின் கால் தடம் பதிந்திருந்தது.

“மத்தியானம் புதருக்குள்ள யாரோ பெருசா மூச்சு விட்டாங்க,” என்றது காரி. “நீயோன்னு நினைச்சுச் சும்மா இருந்துட்டேன்.”

சடைச்சி எருமையை அவசரமாக ஓட்டிக்கொண்டு திரும்பினாள். குடைய முடியாவிட்டால் ஏற்கெனவே குடைந்து கிடக்கிற மரமாகத் தேடுவது என்று அப்போதே நினைத்துக்கொண்டாள். மறுநாள் வேலைகளை முடித்துவிட்டு அரிவாளோடு காட்டில் நுழைந்தாள். ஒவ்வொரு பட்ட மரமாகத் தட்டினாள், காது கொடுத்தாள். வெயில் இறங்குகிற நேரத்தில், தலை ஒடிந்த ஒரு குமிழ மரம் தென்பட்டது. தொடையளவு பருமன்தான். பொந்து மேலே, அவள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அடியில் நாலு தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்தாள்.

உள்ளேயிருந்து சன்னமாக வந்தது. டொக், டொக்.

நல்ல மரம் பதில் சொல்லும் என்று கொல்லன் சொன்னாரே. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அரிவாளை ஓங்கி வெட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே அந்த மரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மரம் சாய்ந்து விழுந்த பிறகு சொல்லவில்லை.

பொந்து விரிந்து கிடந்தது. உள்ளே மூன்று முட்டைகள், மூன்றும் நசுங்கியிருந்தன. ஒன்றில் ஓட்டை உடைத்துக்கொண்டு ஒரு சின்ன அலகு வெளியே நீட்டியிருந்தது.

சடைச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மரத்தைப் போட்டுவிட்டுப் போனால் இதுகள் எழுந்து வரப் போவதில்லை, எடுத்துக்கொண்டு போனால் எருமையாவது பிழைக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்தாள். முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தாள். பொந்து இருந்த துண்டை மட்டும் இரண்டு சாண் நீளத்துக்கு நறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். மிச்ச மரத்தைப் புதருக்குள் இழுத்து விட்டு, அடிக்கட்டையைச் சருகால் மூடினாள்.

பாதி வழியில் கொண்டைக்காரி பின்னாலிருந்து பறந்து வந்தது. இரை தேடிக் களைத்து, வாயில் புழுவோடு வந்து கிளையில் உட்கார்ந்தது. புழுவைக் காலில் மாற்றிக்கொண்டு, “அக்கா, என் மரத்தைக் காணலே,” என்றது. “இருந்ததா நினைச்ச இடத்துல சருகுதான் கிடக்கு. நான் வழி தப்பிட்டேனா? ராவெல்லாம் தூங்காம எனக்குத் தலையே சுத்துது. நீ ஏதாவது பார்த்தியா?”

சொல்லிவிடலாம் என்றுதான் சடைச்சி வாயைத் திறந்தாள். மடியில் மரத்துண்டு கனத்தது. சொன்னால் அழும், சபிக்கும், மரத்துண்டைத் திருப்பிக் கேட்கும். இன்னொரு மரம் தேட அவள் உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை.

“அசதியில மறந்திருப்பே,” என்றாள். “எல்லா மரமும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு. ஒவ்வொண்ணாத் தட்டிப் பாரு. தட்டிட்டுக் காது குடு. உள்ளே இருந்தா பதில் சொல்லும்.”

“ஆமாம்க்கா, அதுவும் சரிதான். இன்னிக்கு நாளைக்குப் பொரிக்கிற நேரம். சத்தம் குடுக்கும்,” என்று பறவை அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிற்று.

மணி நன்றாக அமைந்துவிட்டது. நாக்குக்கு ஒரு புளியங்குச்சி கோத்துக் காரியின் கழுத்தில் கட்டினாள். எருமை தலையை ஆட்டினால் காடு முழுக்கக் கேட்டது, டொக், டொக். புலியும் இரண்டு மாதம் சுற்றிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டது. காரி பிழைத்தது, மாமனாருக்குக் கஞ்சி கிடைத்தது. ஆனால் மணி கேட்கும்போதெல்லாம் கொண்டைக்காரி எங்கிருந்தாலும் பறந்து வரும். எருமையைப் பார்க்கும், திரும்பிப் போகும். மெத்தென்ற அலகு தட்டித் தட்டி ரத்தம் கட்டி, பிறகு காய்த்து, உளிபோல இறுகிவிட்டது.

சடைச்சியால் தாங்க முடியவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று காட்டுக்குப் போனாள். பறவை ஒரு பட்ட மரத்தில் ஒட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தது. இளைத்துப் பாதியாகப் போயிருந்தது.

“தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த மரத்தை...”

“பேசாதேக்கா,” என்றது பறவை, தலையைச் சாய்த்தபடி. “இந்த மரத்துக்குள்ள ஏதோ கேக்குற மாதிரி இருக்கு.”

அவள் பேசாமல் நின்றாள். அதுதான் அந்தப் பறவை மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மரம் காணாமல் போன அன்று தட்டத் தொடங்கியதுதான். இன்றைக்கும் மரங்கொத்தி ஒரு மரத்தில் நாலு தட்டுத் தட்டும், நிறுத்தித் தலையைச் சாய்த்துக் காது கொடுக்கும், பிறகு அடுத்த மரத்துக்குப் போகும்.